சாவிதான் தொலைந்தது, பெட்டி தொலையவில்லை!



கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றதும், 'இது நமக்கெதுக்கு? வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்த்துக்கட்டும்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நான் சொல்ல வந்தது சாவி விஷயம். வாசல் சாவி, பீரோ சாவி, பேங்க் லாக்கர் சாவி எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் சொல்லி விடுவோம். ஆனால், வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ், வரவு செலவுக் கணக்கு, கல்யாண போட்டோ என்று அத்தனையும் அடைந்து கிடக்கிற கம்ப்யூட்டரின் சாவி மட்டும், பல வீடுகளில் ஒரே ஒருவர் மனதில்தான் இருக்கிறது. அவர் மறந்து விட்டால்? அல்லது, சொல்ல முடியாத நிலைக்கு வந்து விட்டால்?

இப்படி ஆன வீடுகளில் என்ன நடக்கிறது? உடனே பெட்டியைத் தூக்கிக் கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுவார்கள். "பார்மட் பண்ணணும்" என்பார்கள் அங்கே. அது என்ன ஏது என்று தெரியாமல் தலையாட்டி விட்டு வந்து, வீட்டில் திறந்து பார்த்தால், பத்து வருஷப் படங்களும் கணக்கும் போய், பெட்டி வெறுமையாக இருக்கும். பார்மட் என்றால் சுத்தமாக அழித்து விட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

பாஸ்வேர்டு மறந்து போனால் உள்ளே இருப்பது எதுவும் அழிவதில்லை. தொலைந்தது சாவி மட்டும்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக் கொண்டால் பாதிப் பதற்றம் குறைந்து விடும்.

மெஷினையே கேட்டால் என்ன?

"அந்த மெஷினுக்குத் தெரியும்தானே, அதையே சொல்லச் சொன்னா என்ன?" என்று என் மாமியார் ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்வி. பதில்தான் வேடிக்கை. அதற்கும் தெரியாது!

அரிசியை அரைத்தால் மாவு வருகிறது. மாவைக் கொண்டு போய் மறுபடி அரிசி ஆக்க முடியுமா? நாம் கொடுக்கும் பாஸ்வேர்டையும் கம்ப்யூட்டர் அப்படித்தான் ஒரு கணக்குப் போட்டு அரைத்து, மாவை மட்டும் வைத்துக் கொள்கிறது. அடுத்த முறை நாம் டைப் செய்வதையும் அதே போல் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும்.

ஆரம்ப காலத்தில் இப்படி இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டு உபயோகித்த போது, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். அவற்றை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். 1966-ல் நடந்த ஒரு குளறுபடியில், உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் வரிசையாகத் திரையில் ஓடியதாம்! பிற்காலத்தில்தான் இந்த மாவு அரைக்கும் வித்தை வழக்கத்துக்கு வந்தது.

ஆகவே, 'பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். பெரும்பாலும் செய்யக் கூடியது, பழைய பூட்டை எடுத்து விட்டுப் புதுப் பூட்டு மாட்டுவதுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

பதறாத காரியம் சிதறாது. கீ-போர்டில் 'கேப்ஸ் லாக்' விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எண்கள் உள்ள பாஸ்வேர்டு என்றால் 'நம் லாக்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையின் கீழே தமிழ் கீ-போர்டு வந்து உட்கார்ந்திருக்கும். அதுவும் காரணமாக இருக்கலாம். டைப் செய்யும் கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு சின்னப் படம் இருந்தால், அதை அழுத்தினால் நாம் அடித்த எழுத்துக்கள் தெரியும். ஒரு எழுத்துக் கட்டை பழுதாகி விழாமல் இருந்தாலும் அதில் தெரிந்து விடும்.

அடுத்து, அது கேட்பது பின் நம்பரா, பாஸ்வேர்டா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு. பின் நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் உரியது. பின் மறந்திருந்தாலும் பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தால், 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் விடலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால், அந்தக் கணக்கு எந்த வகை என்று தெரிய வேண்டும். திரையில் பெயருக்குக் கீழே ஈ-மெயில் முகவரி தெரிந்தால், அநேகமாக அது மைக்ரோசாப்ட் கணக்கு. வெறும் பெயர் மட்டும் என்றால், பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற உள்ளூர்க் கணக்கு.

ஈ-மெயில் உள்ள கணக்கு

இதுதான் சுலபம். திரையில் 'ஐ பர்காட் மை பாஸ்வேர்டு' அல்லது 'பின்' என்று இருக்கும். அதை அழுத்தினால், ஏற்கெனவே பதிந்து வைத்த போன் நம்பருக்கோ, வேறொரு ஈ-மெயிலுக்கோ ரகசிய எண் வரும். அதைக் கொடுத்து, புதிது வைத்துக் கொள்ளலாம். உங்கள் செல்போனிலேயே மைக்ரோசாப்ட்டின் 'ரீசெட் பாஸ்வேர்டு' பக்கத்துக்குப் போயும் இதைச் செய்யலாம். ஆனால், அந்தப் புதுப் பாஸ்வேர்டைப் பெட்டி ஏற்றுக் கொள்ள, பெட்டிக்கு இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? மகன் காலேஜில் படித்த காலத்து நம்பரைப் பதிந்திருப்பார்கள். அந்த சிம் எப்போதோ செத்துப் போயிருக்கும். நம் நாட்டில் 90 நாட்கள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் சிம் கார்டை நிறுத்தி விட முடியும். பிறகு அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்ச் சேரும். பதிந்த நம்பர், ஈ-மெயில் இரண்டுமே கையில் இல்லை என்றால், புது விவரம் கொடுத்து விண்ணப்பித்து விட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு யாருடையதோ, அவர் பெயரில் வேறொருவர் புகுந்து விடாமல் இருக்கத்தான் இந்தக் காத்திருப்பு.

உள்ளூர்க் கணக்கு: அண்ணி வீட்டு அனுபவம்

வெறும் பெயர் மட்டும் உள்ள கணக்கில்தான் எங்கள் அண்ணி மாட்டிக் கொண்டார்.

என் பெரியண்ணன் திருச்சியில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தருபவர். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், வலது கை விழுந்து விட்டது, பேச்சும் தடுமாறியது. ஆளைத் தெரிகிறது, சொல்வது புரிகிறது, பதில் வார்த்தைதான் வர மாட்டேன் என்கிறது. பதினோரு கடைகளின் பில்லும் கணக்கும் அந்தப் பெட்டிக்குள். ஜி.எஸ்.டி.யில் 3பி படிவத்தை மாதாமாதம் 20-ம் தேதிக்குள் போட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். கடைக்காரர்கள் நல்லவர்கள்தான், வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால், தினம் ஒருவர் பழத்தோடு வந்து உட்கார்ந்து விட்டுப் போனார்கள். அண்ணிக்கு அதுவே பெரிய பாரமாகி விட்டது.

ரிப்பேர் கடைத் தம்பி வந்து பார்த்து விட்டு, "பார்மட் அடிச்சாத்தான்க்கா வேலைக்கு ஆகும். ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். அண்ணி பத்தாவது வரைதான் படித்தவர். ஆனாலும் விவரமாக, "பண்ணினா உள்ள இருக்கறது இருக்குமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "அது இருக்காதுக்கா" என்றதும், "அப்ப வேண்டாம்ப்பா. எனக்கு உள்ள இருக்கறதுதான் வேணும், பெட்டி வேண்டாம்" என்று அனுப்பி விட்டார். அந்த ஒரு கேள்வி கேட்கத் தெரிந்ததால்தான் மற்றதெல்லாம் பிழைத்தது.

அது விண்டோஸ் 10 பெட்டி. 2018-ல் வந்த பதிப்பிலிருந்து, உள்ளூர்க் கணக்கு வைக்கும் போதே மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் கேட்டு வாங்கிக் கொள்ளும். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தவுடன், கீழே 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும். அதை அழுத்தினால் அந்தக் கேள்விகள் வந்து நிற்கும். மூன்றுக்கும் சரியான பதில் சொன்னால், புதுப் பாஸ்வேர்டு வைத்துக் கொள்ளலாம். பைசா செலவில்லை, ஒரு கோப்பும் போகாது.

அண்ணனுக்கு வந்த கேள்விகள்: பிறந்த ஊர் எது? சின்ன வயதில் செல்லப் பெயர் என்ன? முதலில் படித்த பள்ளி எது? அண்ணி எனக்குப் போன் போட்டு, "ஊரு லால்குடின்னு போட்டேன். எடுக்க மாட்டேங்குதே. மத்தது எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்" என்றார்.

சொந்த ஊர் லால்குடிதான். ஆனால், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? அண்ணன் பிறந்தது எங்கள் அம்மாயி ஊரான மணப்பாறையில். கட்டிக் கொண்டு வந்த அண்ணிக்கு அது எப்படித் தெரியும்? நான் பஸ் ஏறித் திருச்சிக்கே போய் விட்டேன். பள்ளிக்குப் பெரிய பெயர் இருந்தாலும், நாங்கள் யாரும் அதைச் சொன்னதே இல்லை; 'கொட்டகை ஸ்கூல்' என்போம். செல்லப் பெயர் அம்மாயி வைத்தது, 'ஐயாக்கண்ணு.' முப்பது வருஷமாக அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. கட்டில் பக்கம் உட்கார்ந்து நான் சொன்னதும், அண்ணன் முகம் கோணலாகச் சிரித்தது.

பதில் தெரிந்தும் இன்னொரு வம்பு. இங்கிலீஷ் எழுத்தில் 'ஐயாக்கண்ணு' என்பதை எப்படி எழுதினாரோ? 'ஏ, ஐ' என்று ஆரம்பிப்பதா, 'ஏ, ஒய்' என்றா? ஒரு 'கே'யா, இரண்டா? ஒவ்வொன்றாக எழுதி அண்ணனிடம் காட்டினோம். இல்லை, இல்லை என்று தலையாட்டினார். நாலாவதைக் காட்டிய போது இடது கையால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக் கொண்டார். அதை அடித்தோம், திறந்தது. அன்று தேதி 17. அண்ணனிடம் தொழில் பழகிய ஒரு பையன் வந்து, இரண்டே நாளில் பதினோரு கடைக்கும் போட்டு முடித்து விட்டான்.

இப்போது பில்களை ஏற்றுவது அண்ணிதான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்க்கிறார். தப்பாக அடித்தால் மேஜையைத் தட்டுகிறார்!

கேள்வியும் இல்லை என்றால்?

எல்லாப் பெட்டிக்கும் இந்த வசதி கிடையாது. நம் மாநிலத்தில் 2011-ல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் பல இன்னும் பரண் மேல் கிடக்கின்றன. விண்டோஸ் 7 போன்ற பழசில் பாதுகாப்புக் கேள்வி வராது. முன்பே எழுதி வைத்த ஒரு குறிப்பு வந்தால் உண்டு.

அப்போது அதே பெட்டியில் வேறு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பவர் குடும்பத்துக்கு மூத்தவர் மாதிரி. மற்ற கணக்குகளின் பூட்டை மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. மகளுக்கோ மகனுக்கோ அந்த உரிமையோடு கணக்கு இருந்தால், அதன் வழியே போய், மறந்தவருடைய பாஸ்வேர்டை மாற்றி விடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் கணக்கில் தனியாகப் பூட்டிச் சேமித்த கோப்புகளும், நினைவில் வைக்கச் சொன்ன மற்ற பாஸ்வேர்டுகளும் இந்த முறையில் போய் விடலாம். அதனால், கேள்வி முறை இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதுவும் இல்லை என்றால் கடைக்குப் போகலாம். ஆனால், 'பாஸ்வேர்டை எடுத்துக் கொடுங்கள்' என்று சொல்லாதீர்கள். 'முதலில் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுங்கள், பிறகு மற்றது' என்று சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியோ, லினக்ஸ் உள்ள பென்-டிரைவைச் செருகிப் பெட்டியை ஓட்டியோ, கோப்புகளைப் பிரதி எடுக்க முடியும். வேலை தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம். படமும் பத்திரமும் திறக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பார்மட் செய்யச் சம்மதியுங்கள். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. ரகத்தில், அழித்து விட்டதைத் திரும்ப எடுப்பது அநேகமாக நடக்காத காரியம்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். பல புது மாடல்களில் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் 'பிட்லாக்கர்' வகைப் பாதுகாப்புத் தானாகவே போடப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வேறு எதில் மாட்டினாலும் ஒன்றும் தெரியாது. 48 இலக்கத்தில் ஒரு மீட்பு எண் வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கு போட்டு ஆரம்பித்த பெட்டி என்றால், பெரும்பாலும் அந்த எண் அந்தக் கணக்கிலேயே சேமிப்பில் இருக்கும்; செல்போனில் கணக்குக்குள் போய்ப் பார்த்துக் கொள்ளலாம். எங்குமே அந்த எண் இல்லை என்றால் யாராலும் திறக்க முடியாது. இன்று பெட்டி நன்றாக இருக்கும் போதே அதை எழுதி வைத்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் நாம் கை வைக்கவே கூடாது. அவர்கள் ஆபீஸில்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் கம்ப்யூட்டரை அனுமதி இல்லாமல் திறப்பது, 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். சொன்னதெல்லாம் நம் வீட்டுப் பெட்டிக்குத்தான்.

இன்டர்நெட்டில் தேடி, 'கஸ்டமர் கேர்' என்று கண்ணில் பட்ட நம்பருக்குப் போன் போடாதீர்கள். இனிக்க இனிக்கப் பேசி, ஏதோ ஒன்றைச் செல்போனில் ஏற்றச் சொல்லி, பேங்க் பணத்தை உருவி விடுகிற கூட்டம் இருக்கிறது. செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

வருமுன் காக்க

இனி, இன்று மதியம் சமையல் வேலை முடிந்ததும் செய்யக் கூடியவை.

1. ஒரு சின்ன நோட்டில் வீட்டுக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு, பின், ஈ-மெயில், பதிந்த போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து தெளிவாகத் தெரியட்டும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே அதுவும் இருக்கட்டும்.

2. பாதுகாப்புக் கேள்விகளுக்குச் சொன்ன பதிலையும், ஸ்பெல்லிங் மாறாமல் அப்படியே எழுதுங்கள். ஐயாக்கண்ணு கதை உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

3. உள்ளூர்க் கணக்கு என்றால், கன்ட்ரோல் பேனலில் 'பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க்' என்று ஒன்று உண்டு. ஒரு பென்-டிரைவில் ஒரு முறை செய்து வைத்தால் போதும். பிறகு எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் அதே பென்-டிரைவ் திறக்கும். அதையும் பீரோவில் பத்திரமாக வையுங்கள்.

4. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு உங்கள் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

5. போட்டோக்களையும் முக்கியக் காகிதங்களையும் வெளியே தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் என்று வைத்துக் கொண்டால் மறக்காது.

6. போன் நம்பர் மாறினால், பேங்க்கில் மாற்றுவது போல் இங்கேயும் உடனே மாற்றுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் மூடி விடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. எப்போதாவது ஒரு முறை உள்ளே போய் வாருங்கள்.

'எழுதி வைத்தால் திருடு போகாதா?' என்று வீட்டுக்காரர் கேட்கலாம். பெட்டியின் நெற்றியில் ஒட்டி வைத்தால்தான் ஆபத்து. ஊர் உலகத்தில் எங்கிருந்தோ இன்டர்நெட் வழியாக வரும் திருடனால், நம் பீரோவுக்குள் இருக்கும் நோட்டைப் படிக்க முடியாது. ஏ.டி.எம். பின் நம்பரை மட்டும் இந்த நோட்டில் சேர்க்காதீர்கள்.

'உனக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று கேட்கிற வீடுகளும் உண்டு. கோபப்படாமல், "நாளைக்கு உங்களுக்கு முடியலைன்னா, நான் யார்கிட்டப் போய் நிக்கறது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சம்பாதித்துச் சேர்த்ததும் நாம் கட்டிக் காத்ததும் இன்று பாதிக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அதன் சாவி இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நாமாக இருப்போம்.

- ஒரு வாசகி, லால்குடி.